முதல் காயத்தோடு முடியட்டும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற நன்கொடையாளர் சந்திப்பில், ஆலயச் செயற்குழு உறுப்பினரும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மேடையில் என்னை ஏற்றினால் சமய வகுப்பைப் பற்றியோ தேவாரப் போட்டியைப் பற்றியோ பேசிவிட்டு இறங்கிவிடுவேன். இன்று வெட்டுக்காயம் பட்டு மருத்துவமனையில் கிடக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். தலைவர் சற்றுத் தயங்கினார். "மங்கலமான நாளில் வெட்டுக்குத்துப் பேச்சா வாத்தியாரே?" என்றார். "அர்ச்சனைச் சீட்டு எழுதும் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன் தலைவரே. மகன் பெயருக்கு அர்ச்சனை கேட்கும் தாய்மார்கள் என்ன வேண்டிக்கொண்டு வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் அனுமதி தந்தார். அவருக்கு என் நன்றி.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு செய்தி. ஒரு முறை வெட்டுப்பட்ட பிள்ளைதான் மறுமுறையும் வெட்டுப்பட அதிக வாய்ப்புள்ள பிள்ளை. அந்த முதல் காயத்திற்கும் இரண்டாவது காயத்திற்கும் இடையே சில மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களில் யார் அவன் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது பெரிதும் முக்கியம். இதை நான் முதலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன். ஆகவே அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு டின் மைலோவும் ஓர் அறிவுரையும்

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் ஆறு ஆண்டுகள் படித்த ஒரு பிள்ளை வெட்டுப்பட்டு மருத்துவமனையில் இருப்பதாகச் செய்தி வந்தது. அப்போது அவனுக்கு 19 வயது. டயர் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை இரவு நண்பனின் பிறந்தநாளுக்குச் சாப்பிடப் போன இடத்தில் ஒரு வாய்த்தகராறு. பாராங் கத்தி தோளிலும் முன்னங்கையிலும் இறங்கிவிட்டது.

மறுநாள் நான் போனேன். கையில் ஒரு டின் மைலோ, இரண்டு ஆரஞ்சுப் பழம், ஒரு பொட்டலம் விபூதி. கட்டிலைச் சுற்றி ஐந்தாறு பையன்கள் நின்றார்கள். என்னைக் கண்டதும் ஒதுங்கினார்கள். ஒருவன் மட்டும் போகும்போது குனிந்து, "நீ கவலப்படாதே, நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பொருள் எனக்கு விளங்கியது. விளங்காததுபோல் இருந்துவிட்டேன்.

அவர்கள் போனபிறகு அவன் என்னிடம் கேட்டான்: "வாத்தியாரே, வெள்ளிக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்புறாங்க. அதே பிளாட், அதே படிக்கட்டு, கீழே அதே ஆளுங்க. வேற எங்கயாச்சும் ரெண்டு வாரம் தங்க இடம் கிடைக்குமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்ல பிள்ளைகளோடு பழகு தம்பி. கோயிலுக்கு வா. முருகன் பார்த்துக்குவார். இடத்தைப் பற்றி நான் வீட்டில் கேட்டுச் சொல்றேன்" என்றேன். விபூதியைப் பூசிவிட்டு வந்தேன். வீட்டில் நான் கேட்கவே இல்லை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவனைத் தேடிக்கொண்டு யாராவது என் வாசலுக்கு வந்தால் என்ன செய்வது என்று பயந்தேன். அதுதான் உண்மை.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதே மருத்துவமனை, அதே வார்டு. "மறுபடியும் நீயா?" என்று தாதி கேட்டாராம். இம்முறை வலது கையில் நரம்பும் தசைநாரும் அறுந்துவிட்டன. இன்றுவரை அவனுக்கு மூன்று விரல்கள் மடங்குவதில்லை. டயர் கழற்றிய கை இன்று சோற்றைப் பிசையவே சிரமப்படுகிறது. இப்போது ஒரு கட்டடத்தில் இரவுக் காவல் பார்க்கிறான். இந்த உரைக்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "சொல்லுங்க வாத்தியாரே, பேரு மட்டும் வேணாம்" என்றான். ஆகவே பெயர் சொல்லவில்லை.

அவன் தலையெழுத்து, அவன் சேர்க்கை அப்படி என்று நெடுநாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். என்னிடம் படித்து இன்று மருத்துவராக இருக்கும் ஒரு பெண் அந்தச் சமாதானத்தைக் கலைத்துவிட்டார். "சார், இது தலையெழுத்து இல்லை. இதை ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள்" என்று சில கட்டுரைகளைக் கொடுத்து, எனக்கு விளங்கும்படி உட்கார்ந்து சொன்னார். அவரிடம் நான் படித்த பாடத்தைத்தான் இப்போது உங்களிடம் ஒப்பிக்கிறேன்.

மருத்துவர்கள் கண்டறிந்தது

அமெரிக்காவில் டிட்ராயிட் என்றொரு நகரம். மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பெயர்போனது. அத்தொழில் சரிந்தபோது வேலையும் போய், துப்பாக்கியும் கத்தியும் மலிந்த நகரம். அங்கே வன்முறைக் காயத்தோடு வந்து உயிர்தப்பிப் போனவர்களை மருத்துவர்கள் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1989-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 44 பேர் மறுபடியும் காயம்பட்டு வந்திருந்தார்கள். நூற்றுக்கு 20 பேர் அந்த ஐந்தாண்டுகளுக்குள் இறந்தே போயிருந்தார்கள். இதைக் கண்ட அம்மருத்துவர்கள், நகர்ப்புற வன்முறைக் காயம் என்பது ஒரு விபத்தல்ல, திரும்பத் திரும்ப வரும் நாட்பட்ட நோய் என்று எழுதினார்கள்.

நமக்கு இனிப்புநீர் நோய் நன்றாகத் தெரியும். சர்க்கரை ஏறி மயங்கி விழுந்தவரைத் தெளிய வைத்து, "போய் வாருங்கள்" என்று எந்த மருத்துவரும் அனுப்புவதில்லை. மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, அடுத்த வருகைக்குத் தேதி எல்லாம் தந்துதான் அனுப்புகிறார். வெட்டுப்பட்டு வந்த பிள்ளைக்கோ தையல் போடுகிறோம், தையல் பிரிக்கத் தேதி கொடுக்கிறோம். அவனை வெட்டவைத்த காரணத்திற்கு எந்தத் தேதியும் இல்லை.

அதே நாட்டில் பிளின்ட் என்பது இன்னொரு தொழில் நகரம். அங்கே அவசரப் பிரிவுக்கு வந்த 14 முதல் 24 வயது வரையுள்ள இளையோரை ஈராண்டுகள் பின்தொடர்ந்தார்கள். எல்லாரும் ஏதோ ஒரு போதைப்பொருளைத் தொட்டவர்கள். அவர்களில் 349 பேர் பிறரால் தாக்கப்பட்டு வந்தவர்கள். 250 பேர் வேறு காரணங்களுக்காக வந்தவர்கள். 2015-இல் வெளிவந்த முடிவு இது: தாக்கப்பட்டு வந்தவர்களில் 36.7 விழுக்காட்டினர் ஈராண்டுக்குள் மறுபடியும் வன்முறைக் காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். மற்றவர்களில் 22.4 விழுக்காட்டினர். ஒரே ஊர், ஒரே வயது, ஒரே பழக்கம். முதல் காயம் ஒன்றே இத்தனை வேறுபாட்டைக் காட்டியது. அவ்வாய்வில் பெண் பிள்ளைகளும் விதிவிலக்காக இல்லை என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

ஏன் மீண்டும்?

மறுமுறை காயப்படுபவர்களிடம் பொதுவாகக் காணப்படுவது என்ன? பால்டிமோர் நகரின் மருத்துவமனையில் மீண்டும் மீண்டும் வந்தவர்களை, மற்ற நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வொன்று 2000-இல் வெளிவந்தது. வேலையின்மை, மிகக் குறைந்த வருமானம், போதைப் பழக்கம், போதைப்பொருள் விற்பனையில் தொடர்பு, மருத்துவக் காப்புறுதி இல்லாமை ஆகியவை முன்னே நின்றன. கடைசியாகச் சொன்ன குறை நமக்கில்லை. சில வெள்ளி கட்டணத்தில் நம் அரசு மருத்துவமனை எந்தப் பிள்ளைக்கும் தையல் போடுகிறது. அது நாம் பெற்ற பேறு. மற்றவை நம் அடுக்குமாடி வீடுகளில் இல்லை என்று நம்மால் சொல்ல முடியுமா?

இந்தப் பட்டியலைவிட என் மனத்தைத் தைத்தது வேறொன்று. பாஸ்டன் நகரில் ஜான் ரிச் என்ற மருத்துவர், காயம்பட்ட கறுப்பின இளைஞர்களோடு உட்கார்ந்து அவர்கள் வாயாலேயே கதையைக் கேட்டார். அவரும் அவருடைய துணை ஆய்வாளரும் 2005-இல் எழுதிய கட்டுரையின் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன்.

காயம் ஆறுகிறது, பயம் ஆறுவதில்லை. இரவில் தூக்கம் வருவதில்லை. பின்னால் மோட்டார் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது. தூங்குவதற்காகக் கஞ்சாவையும் மதுவையும் நாடுகிறான். நாடினால் அதை விற்கும் இடத்துக்குப் போக வேண்டும். அந்த இடம்தான் ஆபத்தான இடம். இன்னொரு பக்கம், திருப்பி அடிக்காவிட்டால் "இவன் பயந்தவன்" என்று தெரு சொல்லும். பயந்தவன் என்று பெயரெடுத்தால் நாளை யார் வேண்டுமானாலும் கை வைப்பார்கள் என்று நினைக்கிறான். போலீசுக்குப் போகவும் நம்பிக்கை இல்லை. எனவே தன்னைக் காத்துக்கொள்ளத் தானே ஓர் ஆயுதத்தை எடுத்துக்கொள்கிறான். கட்டிலில் கிடந்தபோது அடிபட்டவனாக இருந்தவன், மூன்று மாதத்தில் அடிப்பவனாக வெளியே நிற்கிறான். அதன்பின் அவன் மறுபடியும் கட்டிலுக்கு வருவதற்கு அதிக நாள் ஆவதில்லை.

பிளின்ட் ஆய்விலும் இதே இரண்டும்தான் வெளிப்பட்டன. போதைக்கு அடிமையாகிவிட்ட நிலை ஒன்று. அதிர்ச்சிக்குப் பின் மனத்தைப் பற்றிக்கொள்ளும் நோய் மற்றொன்று. இவை இருந்தவர்களே மறுகாயத்திற்கு அதிகம் ஆளானார்கள். நாம் "திமிர்" என்று பெயர் வைத்திருப்பதில் பாதி பயம்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் இதை முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். தெரியவில்லை.

அது அந்நிய ஊர்க் கதையா?

"அது அமெரிக்கா வாத்தியாரே, அங்கே துப்பாக்கி, அங்கே கறுப்பினத்தவர் சிக்கல், நமக்கும் அதற்கும் என்ன?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் பதில் சொல்கிறது. அங்கே பெரும்பாலோர் வெள்ளையர்கள். ஆயுதம் துப்பாக்கியன்று, கத்தி. கப்பல் கட்டும் தொழிலும் இரும்புத் தொழிலும் படுத்துப்போன நகரம். ஐரோப்பாவின் கொலைத் தலைநகரம் என்ற கெட்ட பெயர் ஒரு காலத்தில் அதற்கு இருந்தது. இனத்திலோ நிறத்திலோ இல்லை இந்த நோய். வேலையும் நம்பிக்கையும் போன இடத்தில் எவருக்கும் வரும் நோய் இது.

நம் கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்மில் பலர் லயத்து வீட்டில் பிறந்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டமும் தொழிற்பேட்டையும் வந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் முதலில் புறம்போக்குப் பலகை வீட்டிலும், பிறகு மலிவு விலை அடுக்குமாடியிலும் ஒண்டின. தோட்டத்தில் பிள்ளையை அதட்டுவதற்குப் பத்து மாமன்கள் இருந்தார்கள். அடுக்குமாடியில் அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்குப் பகல் வேலை. மாலை நான்கு மணிக்குப் பிள்ளைக்குக் காவல் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் "தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்க ஒருவன் காத்திருக்கிறான். அப்படிக் கேட்பவன் கும்பல்காரனாக இருக்கிறான் என்பதுதான் நம் வேதனை.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது நினைவிருக்கும். அந்தக் கும்பல்களின் உறுப்பினர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியர்கள் என்றும் அப்போது சொல்லப்பட்டது. நாட்டு மக்களில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்தான். அன்று நாம் வெட்கப்பட்டோம்; சிலர் கோபப்பட்டோம். பத்திரிகையில் அறிக்கை விட்டோம். ஆனால் வெட்டுப்பட்டு வார்டில் கிடக்கும் பிள்ளையின் கட்டிலருகே போய் நின்றவர்கள் எத்தனை பேர்? அங்கே நிற்பவர்கள் "நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லும் நண்பர்கள் மட்டும்தான்.

கட்டிலருகே ஒரு பொழுது

இனி நல்ல செய்திக்கு வருகிறேன். மேற்சொன்ன ஊர்களில் வெறும் கணக்கெடுத்துவிட்டு உட்காரவில்லை.

அமெரிக்காவில் ஓக்லண்ட் நகரில் ஷெர்மன் ஸ்பியர்ஸ் என்ற இளைஞர் சுடப்பட்டு நடக்க இயலாமற் போனார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே, தம்மைப்போல் காயம்பட்டு வரும் பிள்ளைகளின் கட்டிலருகே போய்ப் பேச முன்வந்தார். 1994-இல் அது ஒரு முறையான திட்டமாக உருப்பெற்றது. பால்டிமோரில் கார்னெல் கூப்பர் என்ற அறுவை மருத்துவர், தாம் தைத்து அனுப்பிய அதே இளைஞர்கள் திரும்பி வருவதைக் கண்டு மனம் நொந்து 1998-இல் ஒரு திட்டம் தொடங்கினார். சமூகப் பணியாளர் நோயாளியைக் கட்டிலிலேயே சந்தித்து, வீடு திரும்பிய பிறகும் தொடர்ந்து போய்ப் பார்த்து, வேலை, போதை மீட்பு, குடும்பச் சிக்கல் ஆகியவற்றில் கைகொடுப்பார். கிளாஸ்கோவில் 2005-இல் காவல்துறையே வன்முறையை ஒரு பொதுச் சுகாதாரச் சிக்கலாகக் கருதி அதற்கெனத் தனிப்பிரிவு அமைத்தது. 2015 கடைசியில் அந்நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் வழிகாட்டிகள் என்று சிலரை அமர்த்தினார்கள். அவர்கள் இளஞ்சிவப்புச் சட்டை அணிந்திருப்பார்கள். மருத்துவரும் இல்லை, போலீசும் இல்லை என்பது பார்த்த உடனே தெரிய வேண்டும் அல்லவா?

இவற்றால் பயன் உண்டா? பால்டிமோர் திட்டத்தை 100 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி, உதவி பெறாத பிரிவினர் வன்முறைக் குற்றத்திற்காகத் தண்டனை பெறும் வாய்ப்பு, உதவி பெற்றவர்களைவிட நான்கு மடங்காக இருந்தது. எல்லா ஊர் ஆய்வுகளும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பல ஆய்வுகள் சிறியவை. மறுகாயம் குறைந்தது என்று உறுதியாகக் காட்ட முடியாதவையும் உண்டு. இது மந்திரமன்று. ஆனால் ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை டிட்ராயிட் கணக்கு நமக்குக் காட்டிவிட்டது.

இத்திட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. காயம்பட்ட முதல் சில நாட்களில் அந்தப் பிள்ளையின் மனம் திறந்திருக்கிறது. ஆசிரியர்களுக்கு இது தெரியும். ஆண்டு முழுவதும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மாணவன் ஒருநாள் நிமிர்ந்து நம் கண்ணைப் பார்ப்பான். அன்றைக்கு விட்டால் பிறகு அவன் கிடைக்கமாட்டான். என்னிடம் இரண்டு வாரம் தங்க இடம் கேட்டபோது அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தான். நான் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

நம் ஆலயம் செய்யக்கூடியவை

என் பயத்தைப் பற்றி முன்பே சொன்னேன். அந்தப் பயம் தப்பானது என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். தனி ஒரு குடும்பஸ்தன் அந்தப் பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொள்ள முடியாது. அதனால்தான் இதை ஆலயம் செய்ய வேண்டும் என்கிறேன். ஒருவர் செய்ய அஞ்சுவதைப் பத்துப் பேர் சேர்ந்து, முறையாக, காவல்துறைக்கும் மருத்துவமனைக்கும் தெரிவித்துச் செய்யலாம். பொது அறம் என்பதே இதற்காகத்தானே ஏற்பட்டது?

முதலாவது, மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவோடு பேசி, காயம்பட்டு வரும் பிள்ளை விரும்பினால் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் நம்மவர் ஒருவர் போய்ப் பார்க்க வழி செய்வது. போகிறவர் அறிவுரை சொல்லக் கூடாது. "வெளியே போனதும் உனக்கு என்ன தேவை தம்பி?" என்ற ஒரு கேள்வி போதும். நடந்தது என்ன, வெட்டியது யார் என்று துருவக் கூடாது. அது போலீசின் வேலை.

இரண்டாவது, வீடு திரும்ப அஞ்சும் பிள்ளைக்குச் சில வாரங்கள் வேறு ஊரில் தங்க இடம். சகோதர ஆலயங்களோடும் உறவினர்களோடும் பேசினால் இது முடியும். போலீஸ் தேடும் ஆளை ஒளித்து வைப்பது நம் வேலையன்று. ஆனால் அடிபட்டவனைப் படிக்கட்டில் காத்திருப்பவர்களிடமிருந்து தள்ளி வைப்பது நம் வேலை.

மூன்றாவது, தொடர் சிகிச்சைக்கு அழைத்துப் போவது. தையல் பிரிக்கவும், தூக்கமின்மைக்கும் பயத்துக்கும் மனநல ஆலோசனை பெறவும், போதைப் பழக்கம் இருந்தால் அதற்கான மீட்பு நிலையத்துக்கும் யாராவது ஒருவர் காரில் கூட்டிப் போக வேண்டும். பொதுப் பேருந்தில் ஒற்றைக் கையோடு அவன் தானாகப் போகமாட்டான். நம்மில் ஓய்வுபெற்றவர்கள் பலர் காரை வெளியே எடுப்பதே காய்கறிச் சந்தைக்குத்தான். இதற்கும் எடுக்கலாம்.

நான்காவது, வேலையும் தொழிற்பயிற்சியும். இங்கே பட்டறையும் லாரி நிறுவனமும் கடையும் வைத்திருக்கும் பெரியவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சொன்னால், அது ஆயிரம் பேருக்குச் சோறு போட்டதற்குக் குறைந்த புண்ணியமன்று.

ஐந்தாவதைச் சொல்லச் சற்றுத் தயக்கம்தான். இருந்தாலும் சொல்லியாக வேண்டும். திருவிழாக் காலத்தில் சில ஆலயங்களில், ஊரறிந்த கும்பல் தலைவர்களுக்கு மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தி முதல் மரியாதை செய்கிறார்கள். அவர்கள் கொடுத்த தொகைக்காகச் செய்கிறார்கள். காவடிக்குத் துணையாக வரும் பையன்கள் கும்பல் எண்ணைச் சட்டையில் அச்சடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். படிக்கட்டில் வளரும் சிறுவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அவனுக்குச் சமய வகுப்பில் நான் ஆயிரம் சொன்னாலும், கோயில் யாருக்கு மாலை போட்டது என்பதுதான் அவன் மனத்தில் நிற்கும். நம் ஆலயத்தில் அந்த மாலை விழக் கூடாது. தொகை குறைந்தாலும் சரி.

ஒரு கேள்விக்குப் பதில்

"கத்தி எடுத்தவனுக்கா சாமி காசு?" என்று செயற்குழுவிலேயே ஒரு நண்பர் கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. அவர் கடையில் பூட்டை உடைத்தவர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகள்தாம். நான் அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். வெட்டுப்பட்டு வரும் எல்லாரும் கத்தி எடுத்தவர்கள் அல்லர். தப்பான நேரத்தில் தப்பான மேசையில் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. கத்தி எடுத்தவனாகவே இருந்தாலும், அவன் தண்டனையை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அவன் மறுபடியும் எடுக்காமல் இருக்க வேண்டுமே, அதை யார் பார்த்துக்கொள்வது? இன்று அவனுக்காகச் செய்யும் செலவு, நாளை அவன் கையால் சாகக்கூடிய இன்னொரு தாய் மகனுக்காகவும் செய்யும் செலவுதான்.

நாம் வணங்கும் முருகப் பெருமானின் கதையை இங்கே நினைத்துப் பாருங்கள். சூரபத்மனை அவர் வேலால் பிளந்தார் என்று ஆண்டுதோறும் சூரசம்ஹாரம் நடத்துகிறோம். பிளந்த பிறகு என்ன செய்தார்? தூக்கி எறியவில்லை. ஒரு பாதியை மயிலாக்கி வாகனமாகக் கொண்டார். மறு பாதியைச் சேவலாக்கிக் கொடியில் வைத்துக்கொண்டார். எதிர்த்து நின்றவனுக்கும் தம் பக்கத்திலேயே ஓர் இடம் கொடுத்த கடவுள் அவர். அப்படிப்பட்ட கடவுளுக்குக் கோயில் கட்டிவிட்டு, நம் வகுப்பில் படித்த பிள்ளைக்கு இரண்டு வாரம் தங்க இடமில்லை என்று நான் சொல்லிவிட்டேன்.

அன்புடையீர், நான் பெரிய தொகை கேட்கவில்லை. மாதத்தில் ஒரு நாள் அன்னதானச் செலவுக்கு ஈடான தொகையை இதற்கென ஒதுக்க வாரியத்தையும் செயற்குழுவையும் கேட்டுக்கொள்கிறேன். நன்கொடையாளர்களிடம் பணத்தைவிட முக்கியமாக மூன்று பொருள்களைக் கேட்கிறேன்: வாரத்தில் ஒரு மாலைப் பொழுது, ஓடுகிற நிலையில் ஒரு கார், ஓர் ஆளுக்கு வேலை. இவற்றில் எது உங்களிடம் இருந்தாலும், வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஆலய அலுவலகத்தில் என்னிடம் பெயரைக் கொடுங்கள்.

முதல் பெயர் ஏற்கனவே பதிவாகிவிட்டது. இரவுக் காவல் பார்க்கும் அந்தப் பிள்ளைதான் கொடுத்தான். பகலில் தனக்கு வேலை இல்லை என்றும், வார்டுக்கு வழி தனக்கு நன்றாகத் தெரியும் என்றும் சொன்னான். இடது கையால் தன் பெயரை எழுதினான். நான் கற்றுக் கொடுத்த கையெழுத்தாக அது இல்லை. ஆனாலும் அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

எல்லாப் பிள்ளைகளும் இரவு முழு உடம்போடு வீடு வந்து சேர முருகப் பெருமான் திருவருள் துணை நிற்க வேண்டி விடைபெறுகிறேன்.